பால்வாடிக்கு அனுப்பினால் பிள்ளை பின்தங்கிவிடுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டிருப்பவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறார். கணவருக்கு லோடு ஏற்றி இறக்கும் வேலை. மகளுக்கு வரும் ஆடியில் மூன்று வயது முடிகிறது. தெருக்கோடியிலேயே அங்கன்வாடி இருக்கிறது. ஆனால் "பால்வாடிக்குப் போனா சோறு தின்னுட்டுத் தூங்கிட்டு வரும், வேற என்ன கத்துக்கும்?" என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும் நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி.க்கு வருடம் 28,000 ரூபாய். வட்டிக்கு வாங்கியாவது கட்டிவிடலாம் என்கிறார் கணவர். இரண்டில் எது நல்லது என்று கேட்கிறார். இரண்டு மூன்று தடவை படித்த பிறகுதான் எனக்கு இன்னொன்று புரிந்தது. அரசாங்கம் சும்மா கொடுப்பதை வாங்கிக்கொண்டால் பெற்ற பிள்ளைக்கு நாமே குறை வைத்தவர்களாகிவிடுவோமோ என்ற பயம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அந்தப் பயத்துக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் 1988-ல் மதுரை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் ஊட்டச்சத்துப் பணியாளராகச் சேர்ந்தேன். பிறகு அங்கன்வாடி பணியாளர், அப்புறம் மேற்பார்வையாளர். ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. நான் டாக்டர் இல்லை, பொருளாதாரம் படித்தவளும் இல்லை. எங்கள் மையங்களைப் பற்றி வந்த ஆய்வுகளை மட்டும் விடாமல் தேடிப் படித்திருக்கிறேன். உங்கள் தெரு மையத்தை நான் பார்த்ததில்லை. ஒரே வட்டாரத்தில் அடுத்தடுத்த இரண்டு மையங்கள் மலைக்கும் மடுவுக்குமாக இருப்பதை வருடக்கணக்கில் பார்த்தவள் என்பதால், எது நிச்சயம், எது மையத்துக்கு மையம் மாறும் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் இது என்ன ஏற்பாடு என்பதைச் சொல்ல வேண்டும். பலருக்கு இது பள்ளிக்கூடமா, சத்துணவுக் கூடமா, ஆஸ்பத்திரியின் கிளையா என்றே தெரியவில்லை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. ஆறு வேலைகளை அதற்குக் கொடுத்தார்கள்: கூடுதல் உணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, தாய்மார்களுக்குச் சத்துணவு பற்றிச் சொல்லிக்கொடுப்பது, மூன்றிலிருந்து ஆறு வயது வரை முன்பருவக் கல்வி. பார்த்தீர்களா, ஆறில் ஒன்றுதான் பள்ளிக்கூடத்தைப் போன்றது. மற்ற ஐந்தும் பிள்ளையின் உடம்பைப் பற்றியவை. அங்கன் என்றால் முற்றம். மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக், ஆதிவாசிப் பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி அவர்கள் முற்றத்துக்குப் போகட்டும் என்று நடத்திக்காட்டியதிலிருந்து வந்த பெயர் அது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது தானம் இல்லை. உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001-லிருந்து தொடர்ந்து கொடுத்த உத்தரவுகளும், 2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இதை உரிமையாக்கியிருக்கின்றன. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள எந்தக் குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும் இது உண்டு. வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கக் கூடாது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பில், மக்கள் கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம் திறக்க வேண்டும் என்று 2006 டிசம்பரில் அந்த நீதிமன்றம் சொன்னது. நீங்கள் அங்கே போய் நிற்கும்போது யாரிடமும் உதவி கேட்டு நிற்கவில்லை, அம்மா.

தமிழ்நாட்டில் இதற்குத் தனிக் கதை உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்தது உலக வங்கிக் கடனில் 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில். அதில் எல்லோருக்கும் சாப்பாடு கிடையாது. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட வேண்டும். எந்தக் குழந்தையின் எடை ஏறவில்லையோ அதற்கு மட்டும் சத்து உணவு கொடுத்துத் தேற்ற வேண்டும். விட்டத்தில் தொங்கும் தராசில் துணிப்பையை மாட்டி, அதில் குழந்தையின் கால்களை நுழைத்துத் தொங்கவிடுவோம். குழந்தை வீரிட்டு அழும். முள் ஆடிக்கொண்டே இருக்கும், நிற்கிற ஒரு நொடியில் படித்துவிட வேண்டும். அட்டையில் புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு சேர்ப்பேன். கோடு மேலே போனால் தாய் சிரித்துவிடுவாள். படுக்கையாகப் போனால் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "வயித்தால போச்சு டீச்சர், ரெண்டு வாரமா ஒண்ணும் திங்கல" என்பாள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்களுக்குக் கோடு புரிந்தது. எந்தப் பாடத்தையும்விட அந்தக் கோடு அவர்களிடம் வேலை செய்தது என்று நான் நம்புகிறேன். அந்தத் திட்டம் நடந்த பகுதிகளில் கடுமையான ஊட்டக்குறைவு நன்றாகவே குறைந்தது. பிறகு அது அங்கன்வாடித் திட்டத்தோடு சேர்ந்துவிட்டது.

உங்கள் அக்கம்பக்கத்தார் சொல்லும் 'சோறு தின்னுட்டுத் தூங்குற இடம்' என்ற பெயர் வந்ததற்கு வேறு காரணம் இருக்கிறது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பள்ளிகளோடு கிராமத்துக் குழந்தைகள் மையங்களையும் சேர்த்தார். இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு மதியம் சூடான சாப்பாடு. அதே செப்டம்பரில் நகரங்களுக்கும் வந்தது. ஊரெல்லாம் மையம் பரவியதற்கு அதுவே காரணம். இன்று மாநிலத்தில் 50,000-க்கு மேல் மையங்கள் இருக்கின்றன. ஆனால் மக்கள் மனதில் அது சாப்பாட்டுக் கூடமாகவே பதிந்துவிட்டது. பல மையங்களில் பாத்திரச் சத்தம்தான் கேட்டது, பாட்டுச் சத்தம் கேட்கவில்லை என்பதும் உண்மை. அதை மறைக்க மாட்டேன்.

சரி, அந்தச் சோற்றையே எடுத்துக்கொள்வோம். அதை அவ்வளவு லேசாகப் பேசக் கூடாது. மத்திய அரசின் அளவுப்படி ஒரு குழந்தைக்கு நாளைக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம், வருடத்தில் 300 நாள். தமிழ்நாட்டில் கலவை சாதமும், இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு வாரத்தில் மூன்று முட்டையும் உண்டு. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. முந்தைய கணக்கெடுப்பில் ரத்தசோகை 51-க்குப் பக்கத்தில்தான் இருந்தது, அதாவது கூடியிருக்கிறது. நாட்டின் மற்ற பல மாநிலங்களைவிட நாம் மேல்தான். ஆனாலும் இரண்டு பேரில் ஒரு பிள்ளைக்கு மேல் ரத்தம் குறைந்து சோர்ந்து உட்கார்ந்திருக்கும்போது, அதற்கு ஏ, பி, சி, டி நுழையவில்லையே என்று கவலைப்படுவது எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது.

சின்ன வயதில் கிடைத்த உணவு பிற்பாடு என்ன செய்கிறது என்பதற்கு ஹைதராபாத் பக்கத்துக் கிராமங்களில் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. 1987-90-ல் அங்கன்வாடி உணவு வந்திருந்த 15 கிராமங்களையும் அப்போது வராத 14 கிராமங்களையும் எடுத்து, அங்கே பிறந்த குழந்தைகளை 13 முதல் 18 வயதில் திரும்பப் பார்த்தார்கள். உணவு கிடைத்த கிராமத்துப் பிள்ளைகள் சராசரியாக 1.4 சென்டிமீட்டர் உயரம் அதிகம். சர்க்கரை நோய்க்கு வழிவிடும் இன்சுலின் கோளாறும் குறைவு. கிராமங்களைக் குலுக்கல் போட்டுப் பிரித்த ஆய்வு இல்லை என்பதால் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் ஒரு கிராமம் முழுக்கச் சராசரி அவ்வளவு நகர்வது பெரிய விஷயம். அதிலும் முக்கியம், அந்த உணவு போய்ச் சேர்ந்தது கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும்.

இப்போது உங்களை உறுத்தும் படிப்புக்கு வருகிறேன். அங்கன்வாடியில் பிள்ளை எதுவும் கற்றுக்கொள்ளாது என்பது உண்மையா? இதற்குத் தமிழ்நாட்டிலேயே நடந்த ஆய்வு இருக்கிறது. அலெஹாந்திரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்ட்டர்ஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் நமது மாநிலத்தில் நான்கு மாவட்டங்களில் 640 மையங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் 320 மையங்களுக்கு மட்டும் அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒரு பெண்ணைப் போட்டார்கள். அவருக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது மட்டுமே வேலை. பெரிய பட்டம் படித்தவர்கள் தேவைப்படவில்லை, உள்ளூர்ப் பெண்களே வந்தார்கள். ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால், அந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கு ஆகியிருந்தது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் மற்ற மையத்துப் பிள்ளைகளைவிடத் தெளிவாக முன்னே போயிருந்தார்கள். இதில் எனக்குக் கண் கலங்கியது வேறு இடத்தில். குட்டையாகிப் போகும் குழந்தைகளும் கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளும்கூட அந்த மையங்களில் குறைந்திருந்தார்கள். பாடம் சொல்ல ஒருவர் வந்ததும், பழைய பணியாளருக்கு வீடு வீடாகப் போகவும் எடை பார்க்கவும் நேரம் கிடைத்துவிட்டது.

நாங்கள் முப்பது வருடமாகக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான். ஒரு பணியாளரின் காலையை நினைத்துப் பாருங்கள். ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் வரத் தொடங்குகிறார்கள். இரண்டு பேர் அழுகிறார்கள், ஒருவன் காலில் செருப்பு மாறியிருக்கிறது. உதவியாளர், ஊரில் ஆயா என்பார்கள், அரிசி களையப் போயிருக்கிறார். பணியாளர் தரையில் உட்கார்ந்து, "கை வீசம்மா கை வீசு" தொடங்குகிறார். இரண்டாவது அடியில் போன் அடிக்கிறது. வருகைப் பதிவை உடனே செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காமல் வாசலுக்குப் போய்க் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பிள்ளைகள் பாதிப் பாட்டோடு அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு கர்ப்பிணி சத்துமாவு வாங்க வந்துவிடுகிறார். புதன்கிழமை என்றால் கிராம சுகாதார நர்ஸ் ஊசி போட வருவார், அன்று முழுவதும் அதே வேலை. இடையில் வாக்காளர் பட்டியல் வேலை. இவ்வளவும் செய்யும் பெண்ணை ஊழியர் என்றே அரசு ஒப்புக்கொள்ளாமல் மதிப்பூதியக்காரர் என்றுதான் வைத்திருந்தது. பணிக்கொடைக்கு இவர்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2022 ஏப்ரலில்தான். "டீச்சர் ஒண்ணும் சொல்லித் தரதில்ல" என்று சொல்பவர்கள் அந்த வாசலில் ஒரு காலை நின்று பார்க்க வேண்டும்.

ஆக, நிச்சயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: அங்கன்வாடியில் பிள்ளை கற்றுக்கொள்ளும், சொல்லிக்கொடுக்க ஆளுக்கு நேரம் இருந்தால். உங்கள் மையத்தில் அந்தக் கூடுதல் ஆள் இருக்க வாய்ப்பில்லை. அதனால் அந்த ஆய்வின் முடிவை அப்படியே உங்கள் தெருவுக்குக் கொண்டுவர முடியாது. அங்கே இருக்கும் ஒரே பணியாளர் எப்படிப்பட்டவர் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

இன்னும் சந்தேகத்தில் இருப்பது, மூன்று வயதில் முன்னே போனால் பத்து வயதிலும் முன்னேயே இருக்குமா என்பது. இதை உலகமே அறுபது வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளுக்காக 1965-ல் ஹெட் ஸ்டார்ட் என்ற திட்டம் தொடங்கினார்கள். பிற்பாடு குலுக்கல் முறையில் அதைப் பரிசோதித்தபோது, அங்கே படித்த வருடம் தெரிந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி மூன்றாம் வகுப்புக்குள் பரீட்சை மதிப்பெண்ணில் மறைந்துவிட்டது. அதற்கு முன்பே மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊரில் 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகளை வைத்து பெர்ரி பள்ளியில் ஒரு சோதனை நடந்தது. அங்கேயும் புத்திக்கூர்மைத் தேர்வில் கிடைத்த லாபம் சில வருடங்களில் கரைந்துவிட்டது. ஆனால் அதே பிள்ளைகளை 40 வயதில் போய்ப் பார்த்தால், அந்தப் பள்ளிக்குப் போனவர்களில் அதிகம் பேர் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார்கள், வருமானம் அதிகம், போலீஸ் வழக்கு குறைவு. மதிப்பெண்ணில் மறைந்தது வாழ்க்கையில் மறையவில்லை. ஏன் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். பொறுத்து உட்காரவும், கேட்கவும், இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து ஒரு வேலையை முடிக்கவும் பழகியதுதான் கடைசிவரை வந்தது என்ற விளக்கம் என் அனுபவத்துக்கு ஒத்துப்போகிறது. ஆனால் பெர்ரியில் ஐந்தாறு பிள்ளைக்கு ஒரு ஆசிரியர், வாராவாரம் வீட்டுக்கும் வருவார். அதை நம்முடைய அங்கன்வாடிக்கும் சான்றாகக் காட்டிப் பேசுபவர்களை நான் நம்புவதில்லை.

நர்சரிப் பள்ளியைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் வேண்டும் என்று நீங்கள் நினைப்பதில் தப்பே இல்லை. பனியன் கம்பெனியில் இங்கிலீஷ் தெரிந்தவர் எந்த நாற்காலியில் உட்கார்கிறார் என்று தினமும் பார்ப்பவர் நீங்கள். அங்கே ஆசிரியைக்குப் பாடம் நடத்துவது மட்டும்தான் வேலை என்பதும் பெரிய பலம். ஆனால் நான் உள்ளே போய்ப் பார்த்த சிறு பள்ளிகள் பலவற்றில் மூன்று வயதுப் பிள்ளைக்கு முதல் மாதமே நோட்டும் பென்சிலும் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வயதில் விரல் எலும்பும் தசையும் இன்னும் தேறியிருக்காது. பென்சிலை முஷ்டியால் பிடித்துக்கொண்டு, தோள்பட்டை வரை இறுக்கி, ஒரு பக்கம் 'ஏ' எழுதும். கண்ணில் நீர் நிற்கும். அதே பிள்ளையிடம் ஒரு தட்டில் புளியங்கொட்டையும் பட்டாணியும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் தானாகச் சேரும். அரை மணி நேரம் தலை நிமிராது. பென்சில் பிடிக்கும் விரல் அங்கேதான் உருவாகிறது. எங்கள் அங்கன்வாடிகளுக்குக் கொடுத்திருக்கும் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் இப்படி விளையாட்டை வைத்தே அமைந்தது. நல்ல பாடத்திட்டம், நானே நடத்திப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட நோட்டு நிறைய எழுத்து இருக்காது. அதனால் எதுவுமே நடக்கவில்லை என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள்.

நடுவழி ஒன்றும் உண்டு. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022-ல் அங்கிருந்த ஆசிரியர்களைத் திரும்ப எடுத்து, வகுப்பே நின்றுவிடுமோ என்று பெற்றோர் பதறி, பிறகு சிறப்பு ஆசிரியர்கள் போட்டுத் தொடரும் என்று அரசு அறிவித்தது. உங்கள் பகுதி நடுநிலைப் பள்ளியில் இது இருக்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள். இருந்தால் கட்டணம் கிடையாது.

அப்புறம், கடன் வாங்குவதற்கு முன்னால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவினருக்குக் கொடுக்க வேண்டும். கட்டணத்தை அரசு கட்டும். நலிந்த பிரிவுக்கு ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். எல்.கே.ஜி.யில் சேர ஜூலை 31-க்குள் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். நீங்கள் ஆடி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடி, ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. பிறந்த தேதி ஜூலை 31-க்கு முன்னால் என்றால் உங்களுக்கு வாய்ப்பு இந்த வருடம்தான். ஆகஸ்ட் என்றால் அடுத்த வருடம். நுழைவு வகுப்பைத் தாண்டிவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். அதனால் பிறப்புச் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள், வருமானச் சான்றிதழுக்கும் விண்ணப்பித்து வையுங்கள். 2025-ல் மத்திய அரசு நிதிச் சிக்கலால் இந்தச் சேர்க்கை பல மாதம் தள்ளிப்போனது. பெற்றோர் பலர் காத்திருந்து சோர்ந்துபோனார்கள். இதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம், முயற்சி செய்யாமலும் விடவேண்டாம்.

உங்கள் மையம் எப்படி என்று தெரிந்துகொள்ள, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் காலை பத்தரை மணிக்குப் போங்கள். மேற்பார்வையாளராக நானும் அந்த நேரத்தில்தான் போவேன். சமையல் வாசனையும் இருக்கும், பாட்டும் நடக்க வேண்டிய நேரம். பணியாளர் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா என்று கவனியுங்கள். படங்கள் சுவரில் எந்த உயரத்தில் இருக்கின்றன? பெரியவர் கண் உயரத்தில் மாட்டியிருந்தால் அது அதிகாரிக்காக மாட்டியது. பிள்ளைகள் பேசுகிறார்களா, வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருக்கிறார்களா? விளையாட்டுச் சாமான் கீழே கிடக்கிறதா, பீரோவுக்குள் பிளாஸ்டிக் உறையோடு பத்திரமாக இருக்கிறதா? நான் பார்த்த ஒரு மையத்தில் மூன்று வருடமாக உறை பிரிக்காத கட்டைகள் இருந்தன. உடைந்தால் கணக்குக் கேட்பார்கள் என்ற பயம். அப்புறம் கழிப்பறைக் கதவைத் திறந்து பாருங்கள், தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். உங்கள் மகளின் எடையைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இவை சரியாக இருந்தால் நான் யோசிக்காமல் அனுப்புவேன். பணியாளர் பதவி காலியாகி, பக்கத்து மையத்துக்காரர் வாரத்தில் இரண்டு நாள் வந்து போகிறார் என்றால் நானே வேறு இடம் தேடச் சொல்வேன்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. திருப்பூரில் உங்கள் ஷிப்ட் இரவு எட்டு மணிக்கு முடியலாம். அங்கன்வாடி பிற்பகலோடு மூடிவிடும். நர்சரிப் பள்ளியும் அப்படித்தான், ஆனால் அங்கே சாயங்காலம் வைத்துக்கொள்ளச் சில இடங்களில் தனிப் பணம் வாங்கிக்கொள்கிறார்கள். வேலைக்குப் போகும் தாய்க்கு இந்தத் திட்டம் வகுக்கப்படவே இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை மையத்தில் வைத்துக்கொள்ளவும் வழியில்லை. ஆனால் 30-க்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. 2017-ல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்கெல்லாம் அதைக் கட்டாயமாக்கியது. தனியாகப் போய்க் கேட்டால் வேலைக்கு ஆபத்து என்று தோன்றினால், லைனில் உள்ள நான்கைந்து தாய்மாரோடு சேர்ந்து கேளுங்கள்.

நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால், மையம் பார்க்க நன்றாக இருக்கும்பட்சத்தில், வட்டிக்கு வாங்க மாட்டேன். 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, முடிவு வரும்வரை அங்கன்வாடிக்கு அனுப்புவேன். இடம் கிடைக்காவிட்டால் அங்கேயே தொடர்வேன், அடுத்த வருடம் அரசுப் பள்ளி எல்.கே.ஜி. பார்ப்பேன். 28,000 ரூபாய்க்கு மாத வட்டி கட்டும் வீட்டில் முதலில் குறைவது பாலும் பழமும்தான், இதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். இங்கிலீஷ் ஐந்து வயதில் தொடங்கினாலும் வரும்.

கடைசியாக, நர்சரிக்கே அனுப்புவது என்று முடிவு செய்தாலும் அங்கன்வாடியில் பெயரை விட்டுவிடாதீர்கள். தடுப்பூசியும் எடையும் அங்கே பார்த்துக்கொள்ளலாம். வருடத்துக்கு இரண்டு முறை மையத்துக்கு வரும் மருத்துவக் குழு, காது கேட்காதது, இதயத்தில் ஓட்டை, பேச்சு வராதது போன்றவற்றைக் கண்டுபிடித்து இலவச சிகிச்சைக்கு அனுப்பும். அடுத்த குழந்தை பற்றி நினைப்பிருந்தால், கர்ப்பம் தெரிந்த அன்றே பதிவு செய்யுங்கள். அப்போது கொடுக்கும் சத்துமாவை வீட்டில் எல்லோரும் பங்கு போடாமல் நீங்களே சாப்பிடுங்கள். குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் அதே மாவைக் கொதிக்க வைத்து, கெட்டியான கூழாக்கி, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுக் கொடுக்கத் தொடங்குங்கள். தண்ணீராகக் கரைத்து பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் வயிறுதான் நிறையும், எடை ஏறாது. ஸ்பூனைச் சாய்த்தால் மாவு சட்டென்று வழியக் கூடாது, மெதுவாக நழுவ வேண்டும். அதுதான் பதம்.